பல் டாக்டரிடம் பாஷை படித்த யூனன்

யூனன் மெக்கெட்டிகன் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். டான்யூப் ஆற்றின் ஓரமெல்லாம் பனிப்பாளங்கள் மிதந்துகொண்டிருந்தன. எங்கள் தலைநகர் சோஃபியாவிலிருந்து வரும் மத்தியானப் பேருந்தின் படியில் ஓர் ஆள் தலையைக் குனிந்து, உடம்பை மடக்கி இறங்கினான். செம்பட்டைத் தலை, இரண்டு தடவை உடைந்து கோணிய மூக்கு, தோளில் ஒரே ஒரு பை. அவனை அழைத்துவர என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். என் பெயர் ஓக்னியன். ஸ்தாரி ப்ரோத் ஊரின் ரிபார் கால்பந்து அணிக்கு அப்போது நான் கோல்கீப்பர். ஆற்றில் போகும் சுற்றுலாக் கப்பலில் இரண்டு கோடைக்காலம் தட்டு ஏந்திய புண்ணியத்தில், அணியிலேயே எனக்குத்தான் நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும்.

"இவ்வளவுதானா சாமான்?" என்று கேட்டேன்.

"இதுவே ஜாஸ்தி. பூட்ஸு இருக்கு, பல் தேய்க்கிற பிரஷ் இருக்கு. மீதியெல்லாம் போற எடத்துல குடுத்துடுவாங்க."

பேருந்து நிலையத்துச் சுவரில் எங்கள் அணியின் சின்னம் வரைந்திருக்கும். பெரிய மீன் ஒன்று வாலை மடித்து நிமிர்ந்து நிற்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரிபார்னா என்ன அர்த்தம்?" என்றான்.

"மீன் பிடிக்கிறவன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எங்கப்பா சந்தோஷப்படுவாரு. கடைசில அந்தத் தொழிலுக்கே வந்து சேந்துட்டேன்."

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், டோனிகாலில், கில்லிபெக்ஸ் என்ற துறைமுகம் அவன் ஊர். அப்பா கான்டி மெக்கெட்டிகனுக்கு ஒரு மீன்பிடிக் கப்பலில் பங்கு. மூத்த மகன் தன்னோடு கடலுக்கு வருவான் என்று எதிர்பார்த்திருந்தார். பதினாறு வயதில் இங்கிலாந்து அணி ஒன்றிலிருந்து ஆள் வந்து மகனைக் கூட்டிப்போனான். மூன்று வருஷம் கழித்து, பெரிய ஆட்டத்துக்கு இவன் லாயக்கில்லை என்று அவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஸ்காட்லாந்து, ஃபின்லாந்து, மால்டா, ஹங்கேரி, மறுபடி ஸ்காட்லாந்து, சைப்ரஸ் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தான். எங்கேயும் இரண்டு சீசனுக்கு மேல் நிலைத்ததில்லை. ஓரிடத்தில் கோச் மாறினார், ஓரிடத்தில் அணியே இழுத்து மூடப்பட்டது, ஓரிடத்தில் இவனைவிட இளையவன் ஒருவன் கிடைத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு டெலிபோன் வரும், இவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

இதையெல்லாம் மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோலத்தான் அவன் சொல்வான். "டிஃபெண்டருக்கு மூணு வார்த்தை தெரிஞ்சாப் போதும்ப்பா. 'மேல போ', 'வெளிய அடி', 'என்னுது'. அது எனக்கு அஞ்சு பாஷைல வரும். ஆனா எந்த ஊர்லயும் ரொட்டிக்கடைல போய் ஒரு ரொட்டி கேக்கத் தெரியாது."

எங்களிடம் வந்தபோது அவனுக்கு வயது முப்பத்தொன்று. வலது முழங்காலில் தையல் போட்ட தழும்பு, தார்ச்சாலையில் வெடிப்பை அடைத்ததுபோலத் தெரியும். நாங்கள் இரண்டாம் டிவிஷனில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தோம். எங்களுக்கும் வேறு யாரும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

மார்ச்சில் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். ஐம்பதாவது நிமிஷம்போல எதிரணிக்காரன் பந்தை உயரத் தூக்கி எங்கள் பக்கம் அடித்தான். யூனன் அதன் கீழே போய் நின்றான். நான் கோலைவிட்டு வெளியே ஓடி வந்து, "விடு!" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்து, "விடட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டான். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். எங்கள் நாட்டில் ஆமாம் என்றால் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவோம். இல்லை என்றால்தான் மேலும் கீழும். அவனோ நான் வேண்டாம் என்கிறேன் என்று புரிந்துகொண்டு, எகிறிப் பந்தைத் தலையால் முட்டி எனக்கே திருப்பி அனுப்பினான். நான் பாதி தூரம் வெளியே வந்துவிட்டிருந்தேன். பந்து என் தலைக்கு மேலே போய், இரண்டு தடவை குதித்து, அவசரமே இல்லாமல் வலைக்குள் உருண்டது.

சேம் சைடு கோல்.

என் கோலுக்குப் பின்னால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு மின்ச்சோ நிற்பார். கடைத்தெருவில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். கையில் எப்போதும் சூரியகாந்தி விதைப் பொட்டலம். எங்களைத் திட்டுவதற்கென்றே டிக்கெட் வாங்கி வருகிற மனிதர்.

"டேய் ஐரிஷ்காரா! நம்ம கோலு இதுடா! உங்க ஊர்ல திசையெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா? ஓக்னியன், அவனுக்கு ஒரு திசைகாட்டி வாங்கிக் குடுடா!"

"அவர் என்ன சொல்றாரு?" என்று யூனன் என்னைக் கேட்டான்.

"நல்லா உயரமா எகிறினேங்கிறாரு."

அவன் வேலியைப் பார்த்துக் கையை உயர்த்தி நன்றி சொன்னான். மின்ச்சோவுக்கு விதை புரையேறிவிட்டது.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் எங்கள் கோச் ஸ்தோயில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரித்தார். விஷயம் விளங்கியதும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தோம்.

"இனிமே ரெண்டு பேரும் மைதானத்துல தலைய ஆட்டவே கூடாது," என்றார் கடைசியில். "கழுத்து இருக்குங்கிறதையே மறந்துடுங்க. கைய மட்டும் காட்டுங்க."

யூனன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தான். "இத்தன நாடு சுத்தியாச்சு. தலையக்கூட தப்பா ஆட்ட முடியும்னு ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலியே."

அடுத்து வந்த ஆட்டங்களில் அவன் யாரென்று ஊருக்குத் தெரிந்தது. ஓட்டத்தில் வேகம் கிடையாது. ஆனால் பந்து எங்கே விழும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். மற்றவர்கள் ஓடிச்சேர்கிற இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான். ஏப்ரலில் கொட்டுகிற மழையில் ஓர் ஆட்டம். ஒரு கோல் முன்னால் இருந்தோம், எதிரணி கடைசிவரை எங்களை விடாமல் முற்றுகையிட்டது. முதலில் ஒரு பந்து யூனனின் வயிற்றில் பட்டது. பிறகு ஒன்று காதில். அப்புறம் ஒன்று நேராக முகத்தில். அந்தத் தடவை சேற்றில் மல்லாந்து விழுந்து கிடந்தான்.

வேலியிலிருந்து மின்ச்சோ கத்தினார்: "எந்திரிடா யூனக்! படுக்கிறதுக்கா வந்த?"

யூனக் என்றால் எங்கள் பாஷையில் மாவீரன். பழைய கதைப்பாட்டுகளில் துருக்கிப் படையை ஒற்றையாளாக எதிர்த்து நிற்பவர்களை அப்படித்தான் பாடுவோம். மின்ச்சோ கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் யூனன் எழுந்து, மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்து, நடுவரிடம் மரியாதையாக ஏதோ கேட்டுவிட்டு, மறுபடி தன் இடத்தில் போய் நின்றான். (என்ன கேட்டான் என்று பிறகு விசாரித்தேன். "என் மூக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டானாம்.) அடுத்த கார்னரில் பந்தை முட்டித் தள்ளியபோது மைதானம் முழுக்க "யூனக்! யூனக்!" என்றது. அதில் கிண்டல் இல்லை. மின்ச்சோவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அந்த வருஷம் டிவிஷனிலிருந்து நாங்கள் இறங்காமல் தப்பினோம். அவனுக்கு இன்னொரு வருஷம் காண்ட்ராக்ட் கொடுத்தார்கள்.

இலையுதிர் காலத்தில்தான் அவன் பல் போனது. எதிரணி ஃபார்வர்ட் எகிறும்போது முழங்கையை வீசினான். யூனனின் முன்பல் ஒன்று உடைந்தது, இன்னொன்று முழுசாக விழுந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நடுவர் உட்பட பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து புல்லில் பல் தேடினோம். கிடைக்கவில்லை. மைதானத்தின் அந்த மூலையில் இன்றைக்கும் எங்கோ அது இருக்க வேண்டும்.

தபால் ஆபீஸ் மாடியில் டாக்டர் ரலித்சாவின் பல் மருத்துவமனை. அவள் எங்கள் ஊர்ப்பெண்தான். ப்ளோவ்திவில் படித்து, அங்கேயே கல்யாணம் செய்து, அது சரிப்படாமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தவள். முப்பத்து மூன்று வயது. கெட்டிக்காரி. ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். கால்பந்து என்றால் அவளுக்கு எந்தப் பக்கம் காற்றடைப்பார்கள் என்றுகூடத் தெரியாது.

முதல் தடவை மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எதுக்கு?"

"அவனுக்கு நம்ம பாஷை வராது, டாக்டரம்மா."

"அவன் வாயத்தான் நான் தெறந்து வெச்சிருக்கப் போறேன். இதுல பாஷை எங்க வந்துச்சு? வெளிய உக்காரு."

வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. துளைக்கும் கருவியின் சத்தத்துக்கு மேலாக அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் ரத்த அழுத்தம், அந்த வருஷம் தக்காளியில் விழுந்த பூச்சி, நகராட்சி தோண்டிப்போட்டு மூடாமல் விட்ட சாக்கடை, முன்னாள் கணவன் வாங்கிய கார். ஒரு கேள்வி கேட்பாள், அவன் "ஆ" என்பான், "அதேதான் நானும் சொன்னேன்" என்று மேலே போவாள்.

வேர் சிகிச்சை, பொய்ப்பல், அதைப் பக்கத்துப் பற்களோடு பிணைக்கும் பாலம் என்று பல வாரம் நடந்தது. அது முடிந்த பிறகும் அவன் போய்க்கொண்டே இருந்தான். கடைவாய்ப் பல், அதற்குப் பக்கத்துப் பல், அதற்கும் பக்கத்துப் பல். "அயர்லாந்துல பல்லே தேய்க்க மாட்டாங்களா?" என்று கோச் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

குளிர்கால விடுமுறைக்குப் பிறகு முதல் பயிற்சி நாளன்று எங்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். முடிந்து உள்ளே வந்ததும் யூனன் பெஞ்சில் சரிந்து, முதல் தடவையாக எங்கள் பாஷையில் ஒரு முழு வாக்கியம் பேசினான்.

"அம்மாடி, நான் ரொம்பக் களைச்சுப்போன பொம்பள. எனக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போச்சு."

எங்கள் பாஷையில் ஆண் தன்னைப் பற்றிச் சொல்வது ஒரு விதம், பெண் சொல்வது ஒரு விதம். அவன் சொன்னது அப்படியே பெண் சொல்வது.  சிரிப்பில் கூரை பறந்துவிட்டது. ஒருவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டான்.

"யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறது?" என்றேன்.

அவன் காது நுனி சிவந்துபோயிற்று. "யாருமில்ல. டாக்டர் பேசுவாங்க. நான் கேட்டுக்கிட்டிருப்பேன்."

தோண்டிப் பார்த்தால், பயலுக்கு எங்கள் பாஷை நன்றாகவே வந்திருந்தது. தக்காளியை வேகவைத்துப் பாட்டிலில் அடைப்பதை அடுப்பு மூட்டுவதிலிருந்து சொன்னான். நகராட்சியைத் திட்ட அவனுக்கு எங்களைவிட நல்ல வார்த்தைகள் தெரிந்திருந்தன. 'ஆஃப்சைடு'க்கு நாங்கள் என்ன சொல்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. எல்லாவற்றையும் பெண்ணாகவே சொன்னான்: நான் சாப்பிட்டவள், நான் தூங்காதவள், நான் சைப்ரஸில் இருந்தவள்.

"அடுத்த ஆட்டத்துக்கு டாக்டரம்மாவையும் பெஞ்சுல உக்கார வெக்கலாம்," என்றார் கோச். "அந்தம்மா சொன்னாத்தான் இவன் கேப்பான்போல."

வசந்தத்தில் எனக்கே பல்வலி வந்தது. நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ரலித்சா கருவியைக் கையில் எடுக்காமல் நின்றாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"ஓக்னியன், உன் சிநேகிதனுக்கு இனி வைத்தியம் பாக்கப் பல்லே மிச்சமில்ல. எல்லாம் சரியாயிடுச்சு. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆனா வந்து உக்காந்துக்கிறான்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"சுத்தம் பண்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சுத்தம் பண்றேன். இப்படியே போனா பல்லு தேஞ்சுபோயிடும்."

"போகச் சொல்லிட வேண்டியதுதானே?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வாயத் தெற," என்றாள். அதன்பிறகு எனக்குக் கொஞ்சம் வலித்தது.

யூனனிடம் நான் நேராகவே கேட்டேன். ஆற்றங்கரையில் பாப்லர் மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தோம். அவன் அங்கங்கே நின்று முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு நடந்தான்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அவகிட்ட?"

"என்னன்னு சொல்றது? ஜூன்ல காண்ட்ராக்ட் முடியுது. இந்த முழங்கால வெச்சுக்கிட்டு இன்னொண்ணு தர மாட்டாங்க. ஃபின்லாந்துல ஒரு பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். சொல்லி ஒரு மாசத்துல என்னை மால்டாவுக்கு அனுப்பிட்டாங்க. அவ விமான நிலையத்துல நின்ன நிலை இன்னும் கண்ணுல நிக்குது. இன்னொருத்திய அப்படி நிக்க வெக்க மாட்டேன்ப்பா."

"இங்கயே இருந்துட்டா?"

அப்படி ஒரு வழி இருப்பதை யாரோ இப்போதுதான் சொல்லிக் கேட்பவன்போல அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஆற்றில் போய்க்கொண்டிருந்த நிலக்கரிப் படகைப் பார்த்தான். 

மே மாதம் முழங்கால் போயே போய்விட்டது. யாரும் மோதவில்லை. திரும்பும்போது கால் மண்ணில் சிக்கியது, அவ்வளவுதான். ப்ளெவென் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நடக்கலாம், ஆடக் கூடாது என்று சொன்னார்கள்.

எங்கள் அணியில் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். யாருக்கும் வழியனுப்பு விழா நடத்தியதில்லை. யூனனுக்கு நடத்த வேண்டும் என்று கிளப்பியது மின்ச்சோதான். ஒரு முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்து, விடியற்காலையிலிருந்து தானே தணலில் சுழற்றினார். பித்தளை வாத்தியக் குழு வந்தது. மேயர் பேசினார், நீளமாகவே பேசினார். மரத்தில் செதுக்கிய மீன் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். அது அவன் பைக்குள் போகாது என்று யாருக்கும் தோன்றவில்லை. "நம்ம ஊரு உன்னை மறக்கவே மறக்காதுடா யூனக்," என்று மின்ச்சோ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். யூனனுக்கும் கண் கலங்கியது. எந்த நாட்டிலும் எந்த அணியும் தன்னை இப்படி வழியனுப்பியதில்லை என்று என்னிடம் சொன்னான்.

ரலித்சா இரண்டு நோயாளிகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டோடு வந்தாள். இறைச்சி வேண்டாம் என்றாள். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டணும். எந்த நாட்டுல இருந்தாலும்," என்றாள். அவன் சரி என்றான். அவள் திரும்பிப் போனாள். அவ்வளவு சுருக்கமாக அவள் பேசியதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் மரமீனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறினான்.

கில்லிபெக்ஸில் நடந்தது பின்னால் அவனே சொன்னது. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். மீன் பதப்படுத்தும் கூடத்தில் மேற்பார்வை வேலை தயாராக இருந்தது. அவன் தினமும் போய்த் துறைமுகத்தில் நிற்பான். அப்பா கான்டி வலையை உதறிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் நீ ஊருக்கு வர்றப்போ, அப்பாடான்னு வந்து விழுவ. இந்தத் தடவை எதையோ எங்கயோ வெச்சிட்டு வந்தவன் மாதிரி நிக்கிறியேடா. யாரு அவ?"

"பல் டாக்டர்ப்பா."

கான்டி வலையைக் கீழே போட்டார். "உன் வாயப் பாத்த பிறகுமா உன்கிட்ட பேசிக்கிட்டிருந்தா? அப்புறம் இங்க என்னடா பண்ற?"

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு டெலிபோன் வந்தது.

"ஓக்னியன், பல்லு வலிக்குது."

"ஏன், அயர்லாந்துல பல் டாக்டரே இல்லையா?"

"இருக்காங்க. யாரும் பேசவே மாட்டேங்கிறாங்கப்பா."

இரண்டு வாரம் கழித்து அதே மத்தியானப் பேருந்தில் வந்து இறங்கினான். இந்தத் தடவை மூன்று பை. ஊருக்கு ஒரே தர்மசங்கடம். வாத்தியம் வாசித்து, மேயர் பேசி, அழுது அனுப்பிவைத்த ஆள், மூன்று பையோடு ரொட்டிக்கடை வரிசையில் நின்றால் எப்படி இருக்கும்? முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்கள். மின்ச்சோ மட்டும் கடையைவிட்டு வெளியே வந்து நடுத்தெருவில் மறித்தார்.

"என் ஆட்டுக்குட்டிய எடுத்து வையி."

"அதத்தான் எல்லாரும் தின்னாச்சே அண்ணே."

"நீ போறேன்னுதானே அறுத்தேன்? போகலேன்னா திருப்பிக் குடு! ஒரு மனுசனுக்கு நான் எத்தன தடவை அழுறது?" சொல்லிவிட்டு அவனை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

அங்கிருந்து அவன் நேராகத் தபால் ஆபீஸ் மாடிக்குப் போனான். காத்திருக்கும் அறையில் நாலைந்து கிழவிகள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்தது அவர்கள் வாய்வழியாகத்தான். ரலித்சா கதவைத் திறந்தாள், அவனைப் பார்த்தாள், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"முன்னாடியே சொல்லிட்டு வந்தியா?"

"இல்ல."

"அப்ப உக்காரு. வரிசைப்படிதான் கூப்பிடுவேன்."

கதவு சாத்தியதும் ஒரு கிழவி எழுந்தாள். "எனக்கு வலி நின்னுபோச்சு. நீ போ தம்பி." அடுத்தவளும் அதையே சொன்னாள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி குணமாகிவிட்டது. ஆனால் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

உள்ளே ரலித்சா நாற்காலியைக் காட்டி, "படு, வாயத் தெற," என்றாள்.

"மாட்டேன். இன்னிக்கு நான் பேசுறேன். நீ வாய மூடிட்டுக் கேளு."

பிறகு பேசினான். ஊர் ஊராகப் போனது, ஃபின்லாந்துப் பெண், துறைமுகத்தில் நின்றது, அப்பா கேட்டது. இனிமேல் எங்கேயும் போக இஷ்டமில்லை என்றான். வெள்ளிக்கிழமைகள் இல்லாமல் வாரம் முடியவே மாட்டேன் என்கிறது என்றான். அத்தனையும் பெண் பேசுவதாகவே. நான் திரும்பி வந்துட்டவ, நான் உன்னை நெனச்சுக்கிட்டே இருந்தவ, நான் தனியா இருந்து அலுத்துப்போனவ. கதவுக்கு வெளியே கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்களாம்.

 கடைசியில் ரலித்சாவின் குரல் கேட்டது.

"முதல்ல ஆம்பளையாப் பேசக் கத்துக்க. அப்புறம் என் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

செப்டம்பரில் கல்யாணம். மணமக்கள் ஒரு ரொட்டியை இருபுறமும் பிடித்து இழுப்பது எங்கள் வழக்கம். யார் கையில் பெரிய துண்டு வருகிறதோ வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். முக்கால் ரொட்டி ரலித்சாவிடம் போனது. பல்லையே பிடுங்குகிற கைக்கு ரொட்டி எம்மாத்திரம்?

கான்டி ஒரு பெட்டி நிறையப் புகையூட்டிய கானாங்கெளுத்தியோடு அயர்லாந்திலிருந்து வந்திருந்தார். மகனைவிட ஒரு பிடி குள்ளம், அதே மூக்கின் உடையாத வடிவம். அவரும் மின்ச்சோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமல், தாங்கள் பிடித்த மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ராக்கியா என்ற எங்கள் பழச்சாராயம் உள்ளே இறங்க இறங்க மீன்கள் வளர்ந்தன. கடைசியில் மின்ச்சோவின் கெளுத்தி மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று.

நடனம் ஆரம்பித்தபோது கான்டி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீதானே கோல்கீப்பர்? ஒண்ணு கேக்கணும். இவன் ஆடி நான் பாத்ததே இல்ல. சனிக்கிழமையெல்லாம் நான் கடல்ல இருப்பேன். அப்புறம் இவன் ஆடின ஊரெல்லாம் டிவில காட்டுற ஊரா இல்ல. இவன் நல்லா ஆடுவானா? கல்யாண வீடுன்னு பாக்காத. உள்ளதச் சொல்லு."

 உள்ளதைத்தான் சொன்னேன்.

"ஓட்டம் சுமார்தான். பத்து மீட்டருக்கு மேல பாஸ் குடுத்தா அது எங்க போகும்னு அவனுக்கே தெரியாது. இடது கால் சும்மா நிக்கிறதுக்குத்தான். ஆனா கடைசி அஞ்சு நிமிஷத்துல கார்னர் வர்றப்போ, எனக்கு முன்னாடி அவன் நிக்கிறான்னா, வயித்தக் கலக்காது. அவன் வர்றதுக்கு முன்னாடி கலக்கும். அவன் போன பிறகும் கலக்கிச்சு."

கான்டி தன் கண்ணாடிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்லயும் பக்கத்துல நிக்கிறவன் அப்படி இருந்தாப் போதும்," என்றார். "வேற ஒண்ணும் வேண்டாம்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்த ராக்கியா கண்ணுக்கு ஏறுது," என்றார்.

இப்போது யூனன் மின்ச்சோவின் கடையில் கூட்டாளி. அயர்லாந்து முறையில் செய்கிறேன் என்று வாரம் ஒருமுறை பன்றி சாசேஜ் போடுவான். ரொட்டித்தூள் கலந்து, காரமே இல்லாமல், வெள்ளை வெளேரென்று இருக்கும். "இதக் காய்ச்சல்காரனுக்குத்தான் குடுக்கணும்," என்று மின்ச்சோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ரத்த சாசேஜில் எந்த நாட்டுப் பக்குவம் உயர்ந்தது என்று இருவருக்கும் நடக்கும் சண்டை தெருமுனைவரை கேட்கும். யூனன் ஆணாகப் பேசக் கற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் பெண்ணாகிவிடுவான். வாடிக்கையாளர்கள் அதற்காகவே அவனைச் சீண்டுவார்கள்.

போன சனிக்கிழமை நான் போனபோது, ஒரு கிலோ வெள்ளை சாசேஜைத் தானாகவே காகிதத்தில் சுற்றி நீட்டினான்.

"நான் இத கேக்கவே இல்லையேடா."

"உங்க வீட்டுல போன தடவை ரொம்பப் பிடிச்சிருந்துதுன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா?"

"உன் பொண்டாட்டி. ரலித்சாகிட்ட, பல்லு பாத்துக்கிட்டிருக்கும்போது."

"வாய் தெறந்திருக்கும்போதா? அவ 'ஆ'ன்னிருப்பாடா!"

உள்ளே கத்தி தீட்டிக்கொண்டிருந்த மின்ச்சோ சிரிக்க ஆரம்பித்தார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கடுகும் மிளகாயும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் சாப்பிட முடியாதது என்று சொல்ல முடியாது.